விருந்தினரும் தீவினரும்

'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். புதியராய் வந்தாரை அது குறித்ததும், அவர்க்கு இடும் உணவைக் குறித்ததும் பின்னர் நேர்ந்தவை. இச்சொல்லின் வரலாற்றை இந்நாளிற் சிந்தித்தற்குக் காரணம் உண்டு. கடலாடவும் இயற்கையெழில் காணவும் தீவுகளை நாடிச் செல்வோர் உலகெங்கும் பெருகியுள்ளனர். அங்ஙனம் செல்வோர் விருந்தினர்தாமா என்பதே வினா.

நீர் விளையாட்டு நமக்குப் புதிதன்று. வையைப் புனலாட்டைப் பரிபாடல் விரித்துரைக்கின்றது. ஆகலின், கரிபியன் கடலிலுள்ள பார்புடாத் தீவைப் பலர் விரும்பி நாடுவதில் வியப்பில்லை. சிப்பித்துகள் கலந்து இளஞ்சிவப்பாய்த் தோன்றும் மணற்கரையும், மூழ்கிக் காணத்தக்க பவளப் பாறைகளும், பாய்கட்டிய பலகையில் நின்று அலைமேற் செல்லுதற்கேற்ற காற்றும் அங்கு உள. கொட்றிங்ரன் களப்பின் கண்டற் காட்டிலே 'பிரிகேற்' என்னும் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கிற் கூடு கட்டுகின்றன. கூடற் பருவத்தில் ஆண்பறவை தன் செந்நிறத் தொண்டைப் பையை ஊதிப் பெருக்கிப் பெடையை அழைக்கும் காட்சி காண்டற்கு இனியது.

ஆயினும் அத்தீவின் தலையாய சிறப்பு அதன் மண்ணுரிமை வழக்கேயாம். 1834இல் அடிமைத்தளை நீங்கியோரின் வழித்தோன்றல்கள், நிலத்தைத் தனித்தனியே பங்கிட்டுக் கொள்ளாது பொதுவில் ஆண்டுவந்தனர். 2007ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழக்கை உறுதிசெய்தது. 2017 செப்டெம்பரில் 'இர்மா' சூறாவளி தாக்கவே, தீவினர் அனைவரும் அயலிலுள்ள அன்ரிகுவாவுக்கு அகற்றப்பட்டனர். அவர்கள் முற்றாக மீளுமுன்னரே புதிய விமான நிலையத்துக்கு நிலம் திருத்தப்பட்டது. நிலச் சட்டமும் மாற்றப்பட்டது. பின்னர்ச் செல்வர்க்குரிய மாளிகைகள் எழலாயின.

இது கடல்கடந்த கதை மட்டுமன்று. நம் கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவை நோக்குவோம். 1992இல் போரினால் அத்தீவை நீங்கிய மீனவக் குடும்பங்கள் பெருநிலத்திலே, இரணைமாதா நகரிற் குடியமர்ந்தன. 2009இல் போர் முடிந்த பின்னரும் தீவு கடற்படை வசமே இருந்தது. 2017 மே மாதத்தில் அம்மக்கள் அறவழிப் போராட்டம் தொடங்கினர். ஏறத்தாழ ஓராண்டு கழிந்து, 2018 ஏப்ரல் 23ஆம் நாள், தம் படகுகளிலேறித் தாமே தீவை அடைந்தனர். பிறர்க்கு அது நீலக்கடல் சூழ்ந்த எழிற்காட்சி; அவர்க்கோ மீனும் கடலட்டையும் தரும் தாய்நிலம்.

தீவுகாணச் செல்லுதல் தீதென்பது எம் கருத்தன்று. தீவினரே படகு செலுத்தி, தீவினரே உணவு சமைத்து, தீவினரே தம் ஊர்க்கதை கூறுவாராயின், வருவோர் அறிவும் பெறுவர். இருப்போர் ஊதியமும் பெறுவர். பயணம் புறப்படும் மாணவர் இரண்டு வினாக்களை முதற்கண் வினவுவாராக: இம்மண் யாருடையது? இங்கு யான் ஈயும் பொருள் யார் கையைச் சேர்கின்றது?

விருந்தோம்பற்கு வருவோர் மட்டும் போதார். வரவேற்போரும் தம் மனையில் இருத்தல் வேண்டும். இல்லத்தாரை அகற்றிய இல்லத்திற் புகுவோனை விருந்தினன் என்றல் தமிழ் மரபன்று.