கல்தலை மீனும் மூன்று ஸ்டார் உணவகமும்

2019 நவம்பரில் பெய்ஜிங் நகரத்துக்கான முதல் மிஷெலின் கையேடு வந்தது. அதில் மூன்று ஸ்டார் வாங்கியது ஒரே ஒரு உணவகம்தான். பெய்ஜிங் என்றதும் வாத்து வறுவல் கடையாக இருக்கும்னு நினைப்போம். அது இல்லை. ஷின் ரோங் ஜி என்ற அந்த உணவகத்தின் சொந்த ஊர் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஜெஜியாங் மாகாணக் கரையோரத்தில் இருக்கும் தாய்ஜோ வட்டாரம். 1995-ல் அங்குள்ள லின்ஹாய் என்ற ஊரில் சாதாரணக் கடலுணவுக் கடையாக ஆரம்பித்தது.

நான் அங்கே சாப்பிட்டதில்லை. பில்லை நினைத்தால் சாப்பிடப் போவதும் இல்லை. ஆனால் அதன் மெனு எனக்கு ஒரு புதிர். இவ்வளவு விலை வாங்கும் இடத்தில் பரிமாறுவதெல்லாம் மீனவர் வீட்டுச் சாப்பாடு. மொறுமொறுப்பாகப் பொரித்த வாளை மீன். சேற்றுக் கரையில் தோண்டி எடுக்கும் கடல் சாமந்தியை (அவர்கள் அதை 'மணல் பூண்டு' என்கிறார்கள்) ஸ்டார்ச் சேமியாவோடு வேகவைத்த ஒரு பதார்த்தம். இவற்றுக்கெல்லாம் மேலே, 'வீட்டுச் சமையல்' முறையில் செய்த பெரிய மஞ்சள் மீன்.

அதன் செய்முறை என்ன தெரியுமா? முழு மீனை இஞ்சியோடு லேசாக வறுக்கணும். அரிசி மது, சோயா சாஸ், தண்ணீர் ஊற்றிக் குழம்பு வற்றும்வரை கொதிக்க விடணும். அவ்வளவுதான். சதை பூண்டுப் பற்கள் மாதிரி தனித்தனியாகப் பிரிந்து வந்தால் மீன் நல்ல மீன் என்று அர்த்தம். பெரிய காட்டு மீன் ஒன்றின் விலை மட்டும் ஆயிரக்கணக்கான யுவான் ஆகும். 'காட்டு மீன்' என்று நான் சொல்வது கடலில் தானாக வளர்ந்ததை. பண்ணை மீன் அல்ல.

ஏன் இவ்வளவு விலை? பதில் மீனின் தலைக்குள் இருக்கிறது.

நம்ம ஊர் கத்தாளை மீனைச் சுத்தம் செய்தவர்களுக்குத் தலைக்குள் இருக்கும் வெள்ளைக் கல் தெரிந்திருக்கும். மஞ்சள் மீனும் அதே குடும்பம். இந்த வகை மீன்களுக்குச் சீனத்தில் 'கல்தலை' என்றே பெயர். அந்தக் கல் காதுக்கல். ஒலியையும் சமநிலையையும் உணர உதவுவது. இந்த மீன்கள் பேசவும் செய்யும். காற்றுப்பையை ஒட்டிய தசைகளை அதிரவைத்து, முட்டையிடும் பருவத்தில் கூட்டமாகக் கொறகொறவென்று சத்தம் போடும். மூங்கில் குழாயைத் தண்ணீரில் விட்டு, சத்தம் கேட்கும் இடத்தில் வலை போடும் வழக்கத்தை மிங் காலத்து நூல்களே சொல்கின்றன.

அதே காது அதற்கு வினையாகவும் ஆனது. 1950-களில் தெற்கிலிருந்து ஃபுஜியான், ஜெஜியாங் கரைகளுக்கு ஒரு முறை பரவியது. பல சிறு படகுகள் வளைத்து நின்றுகொண்டு, எல்லோரும் சேர்ந்து மரப்பலகையைத் தட்டுவார்கள். ஒலி படகின் அடிப்பாகம் வழியாகக் கடலுக்குள் இறங்கும். கல்தலை மீன்கள் மயங்கி மேலே மிதக்கும். பெரிசு, குஞ்சு என்ற வித்தியாசமே கிடையாது. வலையிலாவது கண் இருக்கு, சின்னது தப்பிக்கும். சத்தத்துக்கு ஏது கண்?

அரசு அதைத் தடை செய்தது. ஆனால் பிறகு மோட்டார் படகுகள் ஆழ்கடலில் மீன்கள் குளிர்காலம் கழிக்கும் இடத்தையே தேடிப் போயின. 1974-ல் பிடிபட்டது ஏறக்குறைய 2 லட்சம் டன், அதுதான் உச்சம். அடுத்த பத்து, பதினைந்து வருஷத்தில் அந்தக் கடலில் மீன் இல்லாமலே போனது. சாதாரணக் குடும்பங்கள் வாங்கிச் சாப்பிட்ட மீன் இது. இன்று சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் 'மிக அருகிய' இனம்.

லின்ஹாயில் கடை திறந்த அதே 1995-ல்தான் கிழக்குச் சீனக் கடலில் கோடைக்கால மீன்பிடித் தடையும் ஆரம்பித்தது. ஆக, அந்த உணவகம் விற்கத் தொடங்கியபோதே காட்டு மஞ்சள் மீன் அபூர்வப் பொருள். எளிமையான சமையல் இங்கே தன்னடக்கம் மட்டும் இல்லை. மீன்தான் விலை, அதை எதுவும் மறைக்கக்கூடாது. இதைக் கலாச்சாரப் பாதுகாப்பு என்று மட்டும் புகழ எனக்கு மனசு வரவில்லை. மீன் குறையக் குறைய விலை ஏறும். விலை ஏற ஏற, மிச்சம் இருக்கும் ஒன்றிரண்டைத் தேடிப் படகு போவதும் லாபமாகிவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1980-களில் ஃபுஜியானின் நிங்டெ பகுதியில் இதைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யக் கற்றுக்கொண்டார்கள். இன்று சீனாவின் கடல் மீன் பண்ணைகளில் அதிகம் விளைவது இதுதான். வருஷத்துக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல். உச்ச வருஷத்தில் கடல் கொடுத்ததைவிட இப்போது கூண்டுகள் அதிகம் கொடுக்கின்றன. ஆனால் கூண்டில் அசையாமல் தின்பதால் வயிறு பருத்து, கொழுப்பேறி, சதை தளர்வாக இருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் முதலில் வாலைத்தான் பார்ப்பார்கள். காட்டு மீனுக்கு வால்தண்டு மெலிந்து நீண்டிருக்கும்.

அந்த அடையாளமும் இப்போது அவ்வளவு உறுதி இல்லை. பண்ணைக் குஞ்சுகளைக் கடலில் விட்டு இனத்தைப் பெருக்கப் பல வருஷமாக முயற்சி நடக்கிறது. ஆக, 'காட்டு மீன்' என்று பெய்ஜிங் மேசைக்கு வரும் மெலிந்த வால்காரனின் தாத்தா, பாட்டி நிங்டெ கூண்டு ஒன்றில் பிறந்தவர்களாக இருக்கலாம்.