பாய்மரப் படகில் தானியங்கு இருப்பிட அறிவிப்பு

பாய்மரப் படகில் தானியங்கு இருப்பிட அறிவிப்பு என்பது, படகின் இருப்பிடத்தை மாலுமியின் தலையீடின்றிக் குறித்த இடைவெளிகளில் பிறருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு ஆகும். இருப்பிடம் ஜி.பி.எஸ். மூலம் கணிக்கப்படுகிறது, அதை அனுப்பும் வழிகள் முக்கியமாக இரண்டு.

கரையோரத்தில் பயன்படுவது ஏ.ஐ.எஸ். எனப்படும் தானியங்கு அடையாள முறைமை. இது 161.975, 162.025 மெகாஹெர்ட்சு அலைவெண்களில் இயங்குகிறது. கருவியில் படகுக்குரிய 9 இலக்க அடையாள எண்ணை முதலில் பதிய வேண்டும். இவ்வலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால் ஆன்டெனாவைப் பாய்மர உச்சியில் பொருத்துவர். உயரம் கூடினால் எட்டும் தொலைவும் கூடும். ஆனால் பாய்மரம் முறிந்தால் ஆன்டெனாவும் போய்விடும்.

நடுக்கடலில் இதைக் கேட்க அருகே கப்பல் இராது. எனவே அங்கு செயற்கைக்கோள் வழிக் கருவி தேவை. அதை வானம் மறையாத இடத்தில், பாய்மரத்தைச் சாராமல், படகின் பின்புறக் கம்பியில் பொருத்துவது நல்லது. அறிவிப்பு இடைவெளியைக் குறைத்தால் மின்கலம் விரைவில் தீரும்.

2018 கோல்டன் குளோப் போட்டியில் மாலுமிகள் ஜி.பி.எஸ். கொண்டு வழிகாணத் தடை இருந்தது. எனினும் படகுகளில் செயற்கைக்கோள் கருவிகள் இருந்தன. செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் அபிலாஷ் டோமியின் 'துரியா' படகு பாய்மரங்களை இழந்தது. முதுகில் காயமுற்று நடமாட இயலாதிருந்த அவரைச் செப்டம்பர் 24 அன்று பிரெஞ்சுக் கப்பலான ஒசிரிசு மீட்டது.