பக்கத்து நாற்காலி

கலிபோர்னியாவில் கணவரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு கோர்ட்டுக்குப் போகும் பெண்ணுக்கு வக்கீல் இல்லையென்றால், அவருக்குப் பக்கத்து நாற்காலியில் துணைக்கு ஒருவர் உட்காரலாம். அந்த மாநிலக் குடும்பச் சட்டத்தின் 6303-ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. அப்படி உட்காருபவர் வாதாடக் கூடாது, சட்ட யோசனையும் சொல்லக் கூடாது. கூட இருக்கலாம், அவ்வளவுதான். பல வழக்குகளில் அந்த நாற்காலியில் இருப்பவர் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தின் தன்னார்வலர். சம்பளம் வாங்காதவர். அன்றைக்கு ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்தவராகவும் இருப்பார்.

சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஒரு ஆளா என்று கேட்கத் தோன்றும். எதிர் மேஜையில் யார் இருக்கிறார் என்று நினைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வி வராது. போன வாரம் கழுத்தை நெரித்தவர் பத்தடி தள்ளி, இஸ்திரி போட்ட சட்டையில், நிதானமான ஆங்கிலத்தில் நீதிபதியிடம் பேசிக்கொண்டிருப்பார். இந்தப் பெண்ணுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தேதி மறந்துபோகும். அந்த நேரத்தில் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைப்பதற்கும், மனுவின் எந்தப் பக்கத்தில் அந்தச் சம்பவம் இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டுவதற்கும் ஒரு ஆள் வேண்டும்.

உண்மையில் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தடை உத்தரவு கேட்கும் படிவத்துக்கு டி.வி-100 என்று பெயர். கட்டணம் கிடையாது. மனு போட்ட அன்றோ அடுத்த வேலை நாளிலோ நீதிபதி அதைப் பார்த்து தற்காலிக உத்தரவு பற்றி முடிவு சொல்லிவிடுவார். பிறகு சில வாரங்களில் விசாரணை. அதில் கிடைக்கும் உத்தரவு ஐந்து ஆண்டுகள் வரை நீடிக்கலாம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் படிவம் முழுக்க ஆங்கிலம். “ரொம்ப நாளா கொடுமைப்படுத்தறார்” என்று எழுதினால் போதாது. கடைசியாக நடந்தது என்றைக்கு, எந்த அறையில், என்ன செய்தார், காயம் உண்டா, குழந்தை பார்த்ததா, போலீஸ் வந்ததா என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். சொல்லிச் சொல்லி எழுதும்போது அந்தப் பெண் இரண்டு முறை எழுந்து வெளியே போய்விட்டு வருவார். எழுத உதவுபவர் அவசரப்படுத்தாமல் காத்திருக்க வேண்டும். விசாரணையின்போது மொழிபெயர்ப்பாளர் தேவை என்று முன்கூட்டியே கோர்ட்டில் சொல்லிவைத்தால் இலவசமாகவே ஏற்பாடு செய்வார்கள். தன்னார்வலருக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும் நீதிபதி முன் அவர் மொழிபெயர்க்கப் போகக் கூடாது. உத்தரவின் நகலைக் கணவர் கையில் சேர்ப்பதை ஷெரிப் அலுவலகம் பார்த்துக்கொள்ளும், அதுவும் இலவசம். இந்த மாதிரி விவரங்கள் தெரிந்த ஒருவர் கூட இருப்பதுதான் பாதித் தெம்பு.

இந்த ஏற்பாடெல்லாம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் அடிபட்ட பெண்களுக்கான அடைக்கல இல்லங்கள் 1970-களிலேயே வந்துவிட்டன. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் 1974-இல் திறந்த இல்லம் முன்னோடிகளில் ஒன்று. ஆனால் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு அங்கே போவது இன்னொரு நாட்டுக்குள் போவது மாதிரி. மாமியார் நகையை வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டார், பாஸ்போர்ட் கணவரின் அலமாரியில் இருக்கிறது, ஊரிலிருக்கும் அப்பாவைப் போனில் மிரட்டுகிறார்கள் என்றெல்லாம் சொன்னால், அது ஏன் வன்முறை என்று முதலில் பாடம் நடத்த வேண்டியிருக்கும். அதனால்தான் 1985-இல் நியூ ஜெர்சியில் மானவி தொடங்கியது. தெற்காசியப் பெண்களுக்கென்றே அந்நாட்டில் உருவான முதல் அமைப்பு அது. அதன் பின் நியூயார்க்கில் சகி (1989), சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் மைத்ரி (1991), பெர்க்லியில் நாரிகா (1992), ஹூஸ்டனில் தயா (1996) என்று வரிசையாக வந்தன. எல்லாமே சில பெண்கள் வரவேற்பறையில் கூடிப் பேசியது போன்ற சிறிய தொடக்கங்கள். இப்போது சம்பளத்துக்கு ஊழியர்கள் இருக்கிறார்கள் என்றாலும், தன்னார்வலர்களை எடுத்துவிட்டால் இந்த வீடுகளின் ஒரு சுவர் இறங்கிவிடும்.

மனமிருந்தால் மட்டும் உள்ளே விட்டுவிட மாட்டார்கள். கலிபோர்னியாவின் சாட்சியச் சட்டப்படி, குடும்ப வன்முறை ஆலோசகராகக் கருதப்பட ஒருவர் குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அவர் சம்பளம் வாங்குகிறாரா இல்லையா என்பது சட்டத்துக்குப் பொருட்டில்லை. பயிற்சி முடித்துவிட்டால், அந்தப் பெண் அவரிடம் சொன்னதற்கு வக்கீலிடம் சொன்னதைப் போன்ற பாதுகாப்பு உண்டு. எதிர்த்தரப்பு கேட்டாலும், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, வெளியே சொல்ல வேண்டியதில்லை. எனவே பயிற்சிச் சான்றிதழ் சுவரில் மாட்டுவதற்கான காகிதம் இல்லை. அது இல்லாத நல்லெண்ணக்காரர் ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டால், கேட்டதையெல்லாம் கொட்டித்தான் ஆக வேண்டும்.

அந்த 40 மணி நேரத்தில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள்? சட்டம், விசா, குழந்தைகள், போலீஸ் நடைமுறை எல்லாம் இருக்கும். மினசோட்டாவின் துலூத் நகரில் 1984-இல் வரைந்த, சக்கர வடிவிலான ஒரு படம் கட்டாயம் வரும். அடி என்பது சக்கரத்தின் வெளிவட்டம்தான். உள்ளே பணத்தைப் பிடித்துவைப்பது, தனிமைப்படுத்துவது, குழந்தையை வைத்து மிரட்டுவது என்று ஆரங்கள் ஓடும். ஆனால் எனக்குத் தெரிந்தவரை இந்தப் பயிற்சியில் நம் ஆட்களுக்கு மிகவும் கஷ்டமான பாடம் வேறு. யோசனை சொல்லாமல் இருப்பது.

நாம் இரண்டு வகை யோசனையில் வளர்ந்தவர்கள். ஒன்று, “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, குழந்தை இருக்கு.” மற்றது அதற்கு நேர் எதிர்: “இன்னும் எதுக்கு அந்த ஆளோட இருக்கே? கிளம்பி வந்துடு.” முதலாவது தவறு என்பது இன்றைக்குப் பலருக்குத் தெரியும். இரண்டாவதும் ஆபத்து என்பது தெரிவதில்லை. பெண் விட்டுப் போகும்போதும், போன சில மாதங்களிலும்தான் கொலை வரை போகும் வாய்ப்பு அதிகம் என்று இந்தத் துறை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறது. கழுத்தை நெரித்திருக்கிறாரா, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்பது அதனால்தான். எப்போது கிளம்புவது பாதுகாப்பு என்று அந்த வீட்டில் வாழ்பவருக்குத்தான் தெரியும். தன்னார்வலர் வழிகளைச் சொல்லலாம், முடிவு அவருடையது. அவர் திரும்பிப் போகிறேன் என்றாலும் சரி, மறுபடி எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள்.

உதவி எண்ணுக்கு ஒரு அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி பெயரோ ஊரோ இல்லை. “இப்போ பேசறது உங்களுக்குப் பாதுகாப்பா இருக்கா?” என்பதுதான். யாராவது அறைக்குள் வந்துவிட்டால் ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். திருப்பிக் கூப்பிடலாமா, எந்த எண்ணில், எந்த நேரத்தில், வாய்ஸ்மெயில் விடலாமா, குறுஞ்செய்தி அனுப்பலாமா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். போன் கட்டண விவரம் கணவரின் மின்னஞ்சலுக்குப் போகும் வீடுகள் உண்டு. பிறகுதான் பேச்சு. எதிர்முனையில் நீண்ட நேரம் அழுகை மட்டுமே இருக்கலாம். “நான் சும்மாதான் கூப்பிட்டேன், பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல” என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் கழித்துப் பெரிய விஷயம் வரலாம். முடிவதற்குள், அவசரத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தால் எந்தக் காகிதங்களை எடுத்துவைப்பது, பக்கத்து வீட்டில் யாரிடம் நம்பிக் கொடுத்துவைப்பது என்று ஒரு சிறு திட்டமாவது போட்டுவிடப் பார்ப்பார்கள்.

தமிழ் பேசும் தன்னார்வலர் கிடைத்தால் அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் என்று நினைப்போம். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் சிலர் எடுத்த எடுப்பிலேயே, “தமிழ் ஆளு வேண்டாங்க” என்று சொல்லிவிடுகிறார்கள். வளைகுடாப் பகுதியில் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் உலகம் சின்னது. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, லிவர்மோர் கோயில் என்று சுற்றிச் சுற்றி அதே முகங்கள்தான். போனை எடுப்பவரின் கணவரும் தன் கணவரும் ஒரே கம்பெனியாக இருந்துவிட்டால்? அதனால் குரலை வைத்து ஆளை அடையாளம் தெரிந்துவிட்டால் தன்னார்வலர் உடனே பொறுப்பாளரிடம் சொல்லி விலகிக்கொள்ள வேண்டும். அடுத்த வாரம் கடையில் அந்தப் பெண்ணை எதிரே பார்த்தால் அவராகப் பேசாதவரை தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் கணவரிடமும் சொல்லக் கூடாது, பெயரை மாற்றிச் சொல்வதும் கூடாது. ஊர் விவரமும் குழந்தையின் வயதும் சேர்ந்தாலே நம் சமூகத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

விசா விஷயத்தில் தன்னார்வலர் வாயைத் திறக்காமல் இருப்பதே உத்தமம். கணவரின் எச்-1பி விசாவை ஒட்டி எச்-4-இல் வந்த பெண்ணுக்கு, அவரை விட்டு விலகினால் நாட்டில் இருக்கும் உரிமையே ஆட்டம் காணும். 2015 மே மாதம் முதல் எச்-4 மனைவிமாரில் ஒரு பகுதியினருக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்தது. அதற்கும் கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டம் தாண்டியிருக்க வேண்டும். 1994-இல் வந்த பெண்கள் மீதான வன்முறைச் சட்டத்தின்படி தானே கிரீன் கார்டுக்கு மனுப் போடலாம் என்பது குடிமகன், கிரீன் கார்டுக்காரர் ஆகியோரின் மனைவிகளுக்குத்தான். மற்றவர்களுக்கு யு விசா என்றொரு வழி உண்டு. ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான் என்ற உச்சவரம்பு இருப்பதால் வரிசை பல ஆண்டுகள் நீளும். இதில் அரைகுறையாகச் சொன்ன ஒரு வரி ஒருவரின் வாழ்க்கையைக் கெடுத்துவிடும். எனவே அமைப்பின் வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போய்விடுவதோடு தன்னார்வலர் வேலை முடிந்தது.

போனையும் கோர்ட்டையும் தாண்டிய வேலைகளுக்கு 40 மணி நேரப் பயிற்சி பெரும்பாலும் தேவைப்படாது. அவைதான் எண்ணிக்கையில் அதிகம். மருத்துவரிடம் காரில் கொண்டுபோய் விடுவது, அம்மா வக்கீலோடு பேசும் நேரம் குழந்தையோடு விளையாடுவது, பத்து வருடமாக வேலைக்குப் போகாதவருக்கு வேலை விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, சொந்தப் பெயரில் முதல் வங்கிக் கணக்கு திறக்கக் கூடப் போவது. முகவரியை மறைக்க மாநில அரசு நடத்தும் ‘சேஃப் அட் ஹோம்’ திட்டத்தில் பதிவு செய்தால் வீட்டு முகவரிக்குப் பதில் ஓர் அஞ்சல் பெட்டி எண் கிடைக்கும் என்பதைச் சொல்லி, அதற்கு விண்ணப்பிக்கும் இடத்துக்கு அனுப்பிவைப்பதும் உண்டு.

மைத்ரி ஒரு துணிக்கடையும் நடத்துகிறது. அமெரிக்காவில் இருக்கும் நம் வீடுகளின் பெட்டிகளில் கல்யாணத்துக்கு ஒரு தரம் கட்டி மடித்து வைத்த பட்டுப்புடவைகள் எத்தனை இருக்கின்றன! அவற்றை நன்கொடையாக வாங்கி, தன்னார்வலர்கள் பிரித்துப் பார்த்து, கறை உண்டா, ஜரிகை கறுத்திருக்கிறதா, ரவிக்கைத் துணி வெட்டாமல் இருக்கிறதா என்று சோதித்து, விலைச் சீட்டு கட்டி விற்கிறார்கள். வருமானம் சேவைகளுக்குப் போகிறது. அடி, கோர்ட், விசா என்று நேராகப் பேச மனத்தெம்பு இல்லாதவர்களுக்கு இது நல்ல நுழைவாயில். புடவையில் குறை கண்டுபிடிப்பதற்கு நம்மவர்களுக்குப் பயிற்சி தேவையில்லை.

தன்னார்வலராகச் சேர விரும்புபவரை அமைப்புகள் நேர்காணல் செய்யும்போது ஒரு விஷயத்தைக் கவனமாகப் பார்க்கின்றன: தானே அந்த நெருப்பிலிருந்து வெளியே வந்தவரா, எப்போது வந்தார் என்று. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த வேலையில் பிறருக்கு வராத ஒரு கூர்மை உண்டு. ஆனால் காயம் ஆறாத நிலையில் மற்றவர் கதையைக் கேட்டால் இரண்டு பேரும் மூழ்குவார்கள் என்பதால், கொஞ்ச காலம் கடைப் பக்கமோ கணக்குப் பக்கமோ இருங்கள் என்று சொல்வதுண்டு. போன் எடுப்பவர்களுக்கும், மோசமான அழைப்புக்குப் பின் பொறுப்பாளரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டுத்தான் அடுத்த அழைப்பு.

நேரம் கொடுக்க முடியாதவர்கள் பழைய துணி மூட்டையைக் காரில் போட்டுக்கொண்டு நேரே அடைக்கல இல்லத்துக்குப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். அதன் முகவரியை உங்களுக்குச் சொல்லவே மாட்டார்கள். அலுவலகத்துக்குப் போன் செய்து இந்த மாதம் என்ன தேவை என்று கேளுங்கள். டயப்பர், பஸ் பாஸ், மளிகைக் கடை பரிசு அட்டை என்று சாதாரணமான பட்டியலாக இருக்கும். பரிசு அட்டையென்றால், தன் வீட்டுக்கு என்ன வாங்குவது என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்துகொள்வார்.