ஒரு மில்லிமீட்டர் ஓட்டை செய்யும் வேலை

தக்கலையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: “என்.சி.சி. முகாமில் .22 ரைபிள் சுடும்போது பேக்சைட் தெளிந்தால் ஃபோர்சைட் மங்குகிறது. ஃபோர்சைட் தெளிந்தால் டார்கெட் மங்குகிறது. போட்டிக்காரர்களைப் போல ஓட்டை வைத்த சைட் மாட்டினால் சீக்கிரம் குறி பிடிபடுமா சார்?”

பிடிபடும். ஆனால் விற்பவர்கள் சொல்லும் காரணத்தால் அல்ல. ‘வட்டத்துக்குள் பார்த்தால் கண் தானாக நடுவைத் தேடிக்கொள்ளும்’ என்பார்கள். அது பாதிக் கதைதான்.

முகாம் ரைபிளின் ‘யு’ வெட்டு, முன்முனை, டார்கெட் மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்துக்குத்தான் கட்டுப்படும். போட்டி ரைபிளில் முன்னால் ஒரு வளையம். பின்னால், கண்ணை ஒட்டி, ஒரு சின்ன ஓட்டை. அந்த ஓட்டையைப் பார்க்க வேண்டியதே இல்லை, அதன் வழியாகப் பார்த்தால் போதும். மூன்று வேலை இரண்டாகிவிட்டது.

மீதி இரண்டும் ஒருசேரத் தெளிவது எப்படி? 10 மீட்டர் ஏர் ரைபிளை எடுத்துக்கொள்வோம். டார்கெட்டின் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர், நடுவில் பத்துக்கு உரிய புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர். முன்வளையம் கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர். கண்பாவை 4 மில்லிமீட்டர் திறந்திருக்க, வளையத்தில் பார்வையை நிறுத்தினால், டார்கெட்டின் ஒவ்வொரு புள்ளியும் சுமார் 36 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கலங்கித் தெரியும். கறுப்பு வட்டத்தையே விழுங்கும் கலக்கம்! கண் முன்னால் 1.1 மில்லிமீட்டர் ஓட்டையை வையுங்கள். அதே கலக்கம் 10 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும்.

நாகர்கோவில் கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் கதவு திறக்கிற நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அகலக் கதவானால் ஒரே குடும்பத்து ஆட்கள் ஆளுக்கொரு திசையில் பாய்ந்து நாலு வரிசையில் உட்காருவார்கள். ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் விழித்திரையில் சிதறுவது இப்படித்தான். கதவை ஒருக்களித்து வைத்தால் குடும்பம் ஒரே வரிசையில் போய்ப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். ஆனால் உள்ளே போகும் கூட்டம் குறைவு, படம் இருட்டடிக்கும். இன்னும் ஒடுக்கினால்? நிலையில் உரசி, பட்டுச்சேலை மாட்டி, திரும்பி, தடுமாறி, கடைசியில் பிரதமன் விளம்புகிறவர் மேலேயே போய் விழுவார்கள். ஒளிக்கும் இந்தக் கதிதான். அதன் பெயர் விளிம்பு விளைவு. ஓட்டை 0.5 மில்லிமீட்டர் ஆனால், விளிம்பு விளைவால் மட்டுமே 10 மீட்டரில் 27 மில்லிமீட்டர் கலக்கம் வந்துவிடும்.

ஒரு கலக்கம் ஓட்டை சிறுக்கச் சிறுக்கக் குறைகிறது, மற்றது கூடுகிறது. இரண்டும் சமமாகும் இடத்தைக் கணக்குப் போட்டால் 1.2 மில்லிமீட்டர் வருகிறது. சூத்திரம் எதுவும் போடாமல், ஓட்டையைச் சுருக்கி விரிக்கும் ஐரிஸைத் திருகித் திருகிப் பார்த்தே துப்பாக்கி வீரர்கள் வந்து நிற்கும் அளவும் கிட்டத்தட்ட அதுதான்!

வேகம் வருவது இன்னொரு வழியில். 4 மில்லிமீட்டர் கண்பாவைக்கு முன் 1.1 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால், தலை எந்தப் பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒளி வரும் பாதை மாறாது. குறிக்கோட்டைத் தீர்மானிப்பது ஓட்டையும் வளையமும்தான், கண் அல்ல. கன்னத்தைக் கட்டையில் பதித்ததும் துல்லியமாகச் சரிசெய்துகொண்டிருக்கும் வேலை மிச்சம்.

வரலாறு கேட்பவர்களுக்காக: புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் டிலனாய் காலத்தில் பீரங்கி வார்த்தார்கள். 1741-இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படையையே பழக்கியவர் அவர். ஆனால் வரியில்லாத குழல் கொண்ட அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் குண்டு போன போக்குக்குச் சைட் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன. ஓட்டை சைட் பிரிட்டிஷ் காலாட்படையின் பொதுத் துப்பாக்கிக்கு வந்தது இரண்டாம் உலகப்போர் கால லீ-என்ஃபீல்டு நம்பர் 4-இல்தான்.

இனி அந்த ‘சீக்கிரம்’ பற்றி. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2025-இல் கஜகஸ்தானின் ஷிம்கென்ட்டில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் ஆசியத் தங்கம் வென்றபோது எடுத்தது 24 குண்டுக்கு 253.6, சராசரி 10.57. இறுதிச்சுற்றின் பிற்பகுதியில் ஒவ்வொரு குண்டுக்கும் 50 விநாடி அவகாசம் உண்டு. அரை விநாடி மிச்சம்பிடித்து அங்கே யாரும் பதக்கம் வாங்குவதில்லை. 4 விநாடியில் ஐந்து குண்டு சுட வேண்டிய 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலிலோ, 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்றது பழைய திறந்த வெட்டு சைட்டை வைத்துத்தான். பிஸ்டல் கைநீட்டத் தூரத்தில் இருப்பதால் அங்கே இந்த ஓட்டை வித்தை எடுபடாது. சிவப்புப் புள்ளி சைட்டுக்கோ, ரைபிள் பக்கம் தொலைநோக்கிக்கோ ஒலிம்பிக்கில் இடமில்லை. 2024 பாரிஸில் சாதாரணக் கண்ணாடியோடு, ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு வெள்ளி வென்ற துருக்கிக்காரர் யூசுஃப் திகெச்சைப் பார்த்துவிட்டு, ‘கருவியே தேவையில்லை’ என்று கிளம்பியவர்கள் பேச்சும் சரியல்ல. அவர் கையில் இருந்தது அசல் போட்டி பிஸ்டல்.

தக்கலைத் தம்பிக்கு: காசு செலவழிக்கும் முன் ஓர் அட்டையில் ஊசியால் துளை போட்டு, கண்ணை ஒட்டி வைத்துத் தூரத்துப் பெயர்ப்பலகையைப் படித்துப் பாருங்கள். வெறுங்கண்ணைவிட எழுத்து நன்றாகத் தெரிந்தால், வாங்க வேண்டியது சைட் அல்ல, மூக்குக்கண்ணாடி. கண் மருத்துவரிடம் போய்விட்டு எழுதுங்கள்.