சோதனைச் சாவடியில் துப்பாக்கி: கணக்குக் கேட்க நமக்கும் உரிமை உண்டு

சென்னை – கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது எளாவூர் சோதனைச் சாவடி. அந்தப் பக்கத்திலிருந்து கஞ்சா வரும், இந்தப் பக்கத்திலிருந்து ரேஷன் அரிசி போகும். இரண்டையும் மறிக்க இரவெல்லாம் சாலையில் நிற்கும் போலீஸ்காரரின் இடுப்பில் துப்பாக்கி இருப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. 2020 ஜனவரி 8 அன்று இரவு, இதே போன்ற இன்னொரு எல்லைச் சாவடியான களியக்காவிளையில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 நவம்பரில் ஆடு திருடர்களை விரட்டிப் போன நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் வெட்டிக் கொல்லப்பட்டார். இரவு ரோந்து போகிறவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டும், தற்காப்புக்குத் தேவைப்பட்டால் தயங்க வேண்டாம் என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு அதன் பிறகு அறிவுறுத்தினார்.

சரியான அறிவுரைதான். ஆனால் தற்காப்பு எது, அத்துமீறல் எது என்பது அந்தச் சாலையில் தினமும் போய்வரும் லாரி டிரைவருக்கும், ஷிப்ட் முடிந்து பைக்கில் வீடு திரும்பும் சிப்காட் தொழிலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அரசு ஊழியர் கையில் இருக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடையாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, பணியின் பொருட்டு ஆயுதம் வைத்திருக்கும் அரசு ஊழியருக்கு விலக்குத் தருகிறது. போலீஸ் மட்டுமல்ல, வனத்துறை, சுங்கத்துறை என்று அரசு ஆயுதம் கொடுத்த எல்லோருக்கும் இது பொருந்தும். விலக்கு அந்தப் பணிக்குத்தான், ஆளுக்கு அல்ல. அதே துப்பாக்கியை உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு எடுத்துப்போய் வானத்தை நோக்கிச் சுட்டால் அந்த விலக்கு காப்பாற்றாது. உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாகவோ கொண்டாட்டத்துக்கோ சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது 2019-இல் வந்த திருத்தம்.

கை காட்டியும் வண்டி நிற்கவில்லை என்றால் சுடலாமா? கூடாது. கைதை எதிர்ப்பவரைப் பிடிக்கத் தேவையான வழிகளைக் கையாள, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-வது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் பறிக்கும் உரிமையை அது தரவில்லை. நிற்காமல் போவது அப்படிப்பட்ட குற்றமில்லை. வண்டியை ஆள் மீது ஏற்ற வந்தால் கதை வேறு. அப்போது தற்காப்பு உரிமை பிறக்கிறது, அதுவும் ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும். 2018 செப்டம்பரில் லக்னோவில், நள்ளிரவில் காரை நிறுத்தவில்லை என்று ஒரு கான்ஸ்டபிள் சுட்டதில் தனியார் நிறுவன அதிகாரி ஒருவர் இறந்தார். கார் தன் மேல் ஏற வந்தது என்றார் கான்ஸ்டபிள். அவர் கொலை வழக்கில் கைதானார், வேலையும் போனது.

நம் பக்கத்திலும் ஒரு எச்சரிக்கை. போலீஸ்காரரின் துப்பாக்கியை வலுக்கட்டாயமாகப் பறித்தால் குறைந்தது பத்து ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. இதுவும் 2019 திருத்தம்தான். சாவடியில் வாக்குவாதம் முற்றினாலும் கை அந்தப் பக்கம் போகக் கூடாது. வண்டியை நிறுத்துங்கள், உள்விளக்கைப் போடுங்கள், கைகள் வெளியே தெரியட்டும்.

இனி, சுட்ட பிறகு நடக்க வேண்டியது. ‘தப்பி ஓட முயன்றவரைக் காலில் சுட்டுப் பிடித்த போலீஸ்’ என்ற செய்தியைப் படித்துவிட்டு ‘நல்லா வேணும்’ என்று பக்கத்தைப் புரட்டுவது நமக்குப் பழகிவிட்டது. சட்டத்துக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது. பி.யு.சி.எல். – மகாராஷ்டிரா வழக்கில் 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்தது. என்கவுன்ட்டரில் ஒருவர் இறந்தால் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும். சி.ஐ.டி. அல்லது வேறு காவல் நிலையத்தின் குழு விசாரிக்க வேண்டும். சுட்டவர்களின் நிலையமே விசாரிக்கக் கூடாது. மாஜிஸ்திரேட் விசாரணையும் கட்டாயம். சுட்ட அதிகாரி துப்பாக்கியைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். பிரேதப் பரிசோதனையை இரண்டு டாக்டர்கள் செய்ய வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும். சம்பவம் நடந்த கையோடு வீரப் பதக்கமோ முறை மீறிய பதவி உயர்வோ தரக் கூடாது. படுகாயத்தோடு பிழைத்தவர் விஷயத்திலும் இயன்றவரை இதே நெறிமுறைகள் பொருந்தும். காலில் சுடுவதால் கணக்குச் சொல்லாமல் தப்பிவிட முடியாது.

குறி தவறிய தோட்டாவுக்கும் பொறுப்பு உண்டு. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் பசுமலைப்பட்டியில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் சுட்டுப் பழகிய வேளையில், பாட்டி வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்து சில நாளில் இறந்தான்.

உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இப்படி நேர்ந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போலீஸ் கேஸ் என்று சொல்லி அவசர சிகிச்சையை எந்த மருத்துவமனையும் மறுக்க முடியாது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. துப்பாக்கிக் காயம் என்பதை மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். காவல் நிலையம் புகாரை வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை நாடலாம். அரசு ஊழியர் மேல் வழக்கு நடத்த அரசின் அனுமதி வேண்டும் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். புதிய சட்டப்படி 120 நாளுக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும்.

சென்னையில் உள்ள மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்கு வக்கீல் இல்லாமலே மனு எழுதலாம். அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் அதை விசாரிக்க முடியாது. ஆகவே சமாதானம் பேச வருகிறவர்களை நம்பி நாளைக் கடத்தாமல் மனுவை முதலில் அனுப்பிவிடுங்கள்.