பாயிண்ட் எடுப்பது நான், கேப்டன் அவள். ஏன்?



இந்த வருஷம் நம் பள்ளி மாணவிகள் கபடி அணி குறுவட்டப் போட்டியில் முதலிடம் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். பிரேயரில் கோப்பையை வாங்க எங்கள் கேப்டன் மேடை ஏறினாள். அன்றைக்கு மதியம் சாப்பாட்டு நேரத்தில் என்னைச் சுற்றி ஒரு கூட்டம். "நீதானடி ரெய்டு போயி பாயிண்ட் எடுக்குற? போன வருஷம் நீதானே கேப்டன்? இப்ப அவ ஏன் கோப்பைய வாங்குறா? மிஸ்கிட்ட ஏதும் சண்டையா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால்தான் சுவர்ப் பத்திரிகையில் எழுதிவிட்டேன்.

கபடி தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். ஒரு அணியில் 12 பேர், களத்தில் 7 பேர். பெண்களுக்கான ஆடுகளம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். நடுக்கோட்டைத் தாண்டி எதிரணிப் பக்கம் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டு போவதுதான் ரெய்டு. நம் தாத்தா காலத்தில் இதையே சடுகுடு என்று சொல்லிப் பாடிப் போனார்கள். 30 விநாடிக்குள் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். எத்தனை பேரைத் தொட்டோமோ அத்தனை பாயிண்ட், அத்தனை பேர் வெளியே. மாட்டிக்கொண்டால் நாம் வெளியே, அவர்களுக்குப் பாயிண்ட். நமக்கு ஒரு பாயிண்ட் கிடைக்கும்போது வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆள் ஒருவர் உள்ளே வரலாம், முதலில் போனவர்தான் முதலில் வர வேண்டும். ஏழு பேரையும் காலி செய்தால் லோனா, அதற்குக் கூடுதலாக 2 பாயிண்ட்.

பார்க்கிறவர்கள் கண்ணுக்கு ரெய்டு போகிறவர்தான் தெரிவார். கைதட்டலும் அவருக்குத்தான். ஆனால் ஒரு ஆட்டத்தில் பாதி நேரம் எதிரணி நம் பக்கம் வருகிறது. அப்போது கணக்கு வேறு. களத்தில் நாம் 6 பேராவது நின்றால், வருகிறவர் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தாலே ஒரு பாயிண்ட் கொண்டு போய்விடுவார். நாம் 5 பேர் ஆகிவிட்டால் அந்தப் போனஸ் கிடையாது. நாம் 3 பேரோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்போது அவரைப் பிடித்துவிட்டால் சூப்பர் டேக்கிள், நமக்கு ஒன்றுக்கு இரண்டு பாயிண்ட். இத்தனையையும் யாராவது ஒருத்தர் மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நானோ ரெய்டு போய் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்புகிறவள். அந்த நேரத்தில் எனக்கு என் பேரே மறந்துபோகும், பாயிண்ட் கணக்கா ஞாபகம் இருக்கும்?

இனி போன வருஷக் கதை. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அணியில் எல்லோரும் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

போன வருஷம் குறுவட்ட அரையிறுதி. நான்தான் கேப்டன். 27க்கு 26 என்று நாங்கள் முன்னால் நிற்கிறோம். எதிரணிக்குக் கடைசி ரெய்டு. எங்கள் பக்கம் மூன்றே பேர்: நான், வலது கவர், இடது கார்னர். மூன்று பேர்தான் என்பதால் போனஸ் பயமும் இல்லை. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பின்கோட்டை மிதிக்காமல், ஆள் மேலே போகாமல், 30 விநாடி தள்ளித் தள்ளி நிற்க வேண்டும். அவள் வெறுங்கையோடு திரும்பியிருப்பாள், ஆட்டம் முடிந்திருக்கும். ஆனால் என் மண்டையில் ஓடியது "மூணு பேர் இருக்கோம், பிடிச்சா சூப்பர் டேக்கிள்" என்பது மட்டும்தான். ஒரு பாயிண்ட் முன்னால் இருக்கிறவளுக்கு அந்த இரண்டு பாயிண்ட் எதற்கு என்று தோன்றவே இல்லை. "புடி! புடி!" என்று கத்தினேன்.

எங்கள் இடது கார்னர் என் பேச்சைக் கேட்டு, பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். பிடி நல்ல பிடிதான். ஆனால் கூட வந்து மடக்க வேண்டிய நான் ஒரு எட்டு பிந்திவிட்டேன். வந்தவள் காலை உதறி, என் தோளையும் தட்டிவிட்டு நடுக்கோட்டில் போய் விழுந்தாள். 2 பாயிண்ட். 27க்கு 28. முடிந்தது.

அதற்கு அப்புறம் நான் செய்ததுதான் தோல்வியைவிட மோசம். எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் பார்க்க, கிரவுண்டு நடுவிலேயே அவளைத் திட்டினேன். "பிடிக்கத் தெரியாதவ ஏன் பாஞ்ச?" என்றேன். பாயச் சொன்னதே நான்தான். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலைப் பயிற்சிக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. "பத்தாவது பரிட்சை இருக்கு, வீட்டுல விட மாட்றாங்க" என்று சொல்லி அனுப்பினாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். 12 பேர் இருந்த அணி 9 ஆனது. நான் அதை அவள் பிடிவாதம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த 9 பேரை மறுபடி 12 ஆக்கியது இப்போதைய கேப்டன். வலது கவரில் ஆடுகிறவள். ஆட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ பாயிண்ட்தான் அவள் பேரில் விழும், சில நாள் அதுவும் இருக்காது. அவள் ஒரு சனிக்கிழமை இடது கார்னர் வீட்டுக்கே போனாள். போய்ப் பார்த்தால் பரிட்சை மட்டும் காரணம் இல்லை. சாயங்காலப் பயிற்சி முடிந்து இருட்டினபிறகு தனியாக நடந்து வருகிறாள் என்று அவள் அம்மாவுக்குக் கவலை. இவள் வந்து பி.டி. மிஸ்ஸிடம் பேசி, பயிற்சியைக் காலை 6.30 மணிக்கு மாற்றினாள். அந்தத் தெருப்பக்கம் இருக்கும் மூன்று பேரும் சேர்ந்தே வர வேண்டும் என்று ஏற்பாடு. பத்தாவது படிக்கிறவர்கள் 7.30க்கே கிளம்பலாம். அதோடு என்னையும் இழுத்துக்கொண்டு போய் அவளிடம் மன்னிப்புக் கேட்க வைத்தாள். (அன்றைக்கு அவங்க அம்மா போட்டுக் கொடுத்த டீயைக் குடிக்கக்கூட எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.)

இந்த வருஷம் ஜூன் மாதம் பி.டி. மிஸ் "யார் கேப்டன்?" என்று கேட்டபோது 12 பேரும் அவள் பேரைத்தான் சொன்னோம். நானும் சொன்னேன். கொஞ்சம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

களத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று அடுத்த முறை வந்து பாருங்கள், அதாவது காது கொடுத்துக் கேளுங்கள். ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பாள். "நாம அஞ்சு, போனஸ் இல்ல", "அடுத்து உள்ள வர்றது ரைட் கார்னர்", "இருபது செகண்ட் ஆச்சு". பிடி, விடு என்று தமிழில் கத்தினால் எதிரணிக்கும் புரிந்துவிடும் என்பதால் எங்களுக்குள் ஒரு பாஷை வைத்திருக்கிறோம். அது ஒரு சாப்பாட்டுச் சாமான் பேர். மாவட்டப் போட்டி அடுத்த வருஷமும் வரும் என்பதால் இங்கே எழுத முடியாது!

பெரிய அணிகளிலும் இது உண்டு. நம் தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் பிடிக்கும் ஆள், வலது கார்னர். 2016ல் புரோ கபடி நான்காவது சீசனில் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வாங்கியபோது அவர்தான் கேப்டன். அந்த அணியில் ரெய்டு போய்ப் பாயிண்டை அள்ளியது பர்தீப் நர்வால். அப்போது சேரலாதனுக்கு 40 வயது தாண்டிவிட்டது, நர்வாலுக்கு 20கூட ஆகவில்லை. வடநாட்டுப் பிள்ளைகளும் அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

கேப்டனுக்கு இன்னொரு வேலை, நடுவரிடம் பேசுவது. வாலிபாலில் இதற்காகவே கேப்டன் சட்டையில் மார்பு எண்ணுக்குக் கீழே ஒரு கோடு போட்டிருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? கபடியில் கோடு இல்லை, அதனால் ஆளாளுக்குப் போய்க் கத்துகிறோம். முதலில் பச்சை அட்டை, அது எச்சரிக்கை. மஞ்சள் என்றால் 2 நிமிஷம் வெளியே. சிவப்பு என்றால் ஆட்டமே கிடையாது. விதி தெரியாமல் பேசப் போனால் அட்டைதான் மிச்சம்.

விதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு ஆண்கள் இறுதிப் போட்டியைச் சொல்லலாம். இந்தியாவும் ஈரானும் 28-28. ஆட்டம் முடிய ஒன்றிரண்டு நிமிஷம்தான் இருக்கிறது. இந்தியக் கேப்டன் பவன் செராவத் ரெய்டு போனார். யாரையும் தொடாமலே பக்கவாட்டு லாபிக்குள் கால் வைத்துவிட்டார். அவரை மடக்க வந்த ஈரான்காரர்களும் பின்னாலேயே லாபிக்குள் வந்துவிட்டார்கள். ஒரு விதிப்படி ரெய்டர் மட்டும் அவுட். இன்னொரு விதிப்படி உள்ளே வந்த அத்தனை பேரும் அவுட். எந்த விதி என்று முடிவு மாறி மாறி வந்தது, ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. கடைசியில் இந்தியாவுக்கு 4, ஈரானுக்கு 1 என்று தீர்ப்பு. 33-29 என்று இந்தியா தங்கம் வாங்கியது. இதை மிஸ் போனில் போட்டுக் காட்டியபோது நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தோம், எங்கள் கேப்டன் மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்த நோட்டு மாவட்டப் போட்டியில் உதவியது. எங்கள் ஆள் ஒருத்தி பின்கோட்டை மிதித்துவிட்டாள் என்று நடுவர் விசில் அடித்தார். நான் பாய்ந்து போகப் பார்த்தேன். கேப்டன் கையை நீட்டி எங்கள் எல்லோரையும் நிறுத்திவிட்டு, தான் மட்டும் போய் "சார், எந்தக் கால்னு சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தாள். தீர்ப்பு மாறவில்லை. ஆனால் அட்டையும் வரவில்லை. அதே ஆட்டத்தில் எதிரணியில் நாலைந்து பேர் ஓடிப் போய் நின்று பச்சை அட்டை வாங்கினார்கள். அப்படியும் அரையிறுதியில் 19-25 என்று தோற்றோம், அவர்கள் நிஜமாகவே நன்றாக ஆடினார்கள். தோற்றபிறகு கேப்டன் செய்த முதல் வேலை, இடது கார்னர் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. நானும் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

"கபடி ஆடி என்ன ஆகப்போகுது?" என்று வீட்டில் கேட்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் அணி இறுதியில் ஈரானை 75-21 என்று தோற்கடித்தது. அதில் துணைக் கேப்டன் சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா. நகரத்தின் குடிசைப் பகுதிகளில் இருந்தவர்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம் அது. தமிழக அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. ஆண்கள் அணியில் தங்கம் வாங்கிய அபினேஷ் திருவாரூர் மாவட்டம் வடுவூர்க்காரர், அவருக்கும் 25 லட்சம். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. இடது கார்னர் வீட்டில் எங்கள் கேப்டன் இதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள்.

இன்னொரு கேள்வியும் வந்தது: "அவ பேச்ச நீ எப்படிக் கேக்குற?" முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. மூன்று பேர் நிற்கும்போது ரெய்டு போகாதே, காலை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பி வா என்பாள். எனக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால் குறுவட்ட இறுதியில், நாங்கள் 3 பாயிண்ட் முன்னால் நின்றபோது, கடைசி ஒரு நிமிஷம் முழுக்க அப்படித்தான் ஆடினோம். கைதட்டல் ஒன்றும் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்திருந்த பசங்க "அடிச்சு ஆடுங்க" என்று கத்தினார்கள். நடுவர் நீண்ட விசில் அடித்தபிறகுதான் நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்பதே அவர்களுக்குத் தெரிந்தது.

14 வயதுக்குட்பட்டோர் அணிக்குத் தேர்வு வரும் திங்கள்கிழமை காலை 6.30 மணிக்கு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள ஆடுகளத்தில். 6, 7, 8ஆம் வகுப்பு மாணவிகள் வரலாம். ரெய்டு தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. வீட்டில் சம்மதம் கிடைக்காதவர்கள் முதலில் கேப்டனைப் பாருங்கள். 11 'ஆ' பிரிவு, ஜன்னல் ஓரம் இரண்டாவது பெஞ்ச்.

இப்படிக்கு,
உங்கள் ரெய்டர்,
11ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு