தனியாக வாழும் வணிகருக்கு முழங்கால் அறுவை சிகிச்சையா?

ராயபுரம் முதல் எண்ணூர் வரை, குடும்பத்தை ஊரில் விட்டுக் கடையே கதியென்று தனித்து வாழ்வோர் நம்மில் உண்டு. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்த ஓரிரு நாளில் நடக்க வைத்துவிடுவார்கள். அதன்பின் சில வாரங்கள் பயிற்சி தவறினால் மூட்டு இறுகிவிடும். போட்ட முதல் வீண்.

தீபாவளிச் சரக்கைத் தீபாவளியன்றா வாங்குகிறோம்? மருத்துவமனையில் சேருமுன்பே மூன்று ஏற்பாடுகளை முடித்துவிடுங்கள்.

பயிற்சி: மருத்துவரிடம் பயிற்சிமுறையை எழுதி வாங்குங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிற்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். உங்களுக்குக் கிடைக்குமா என்று அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

வாகனம்: 108 அவசரத்துக்கு மட்டுமே. ஷேர் ஆட்டோ வேண்டாம்; கால் நீட்ட இடமுள்ள காரைப் பேசி வையுங்கள். கன்டெய்னர் லாரி நெரிசலுக்கும் சேர்த்து முன்னதாகக் கிளம்புங்கள்.

ஆள்: வீட்டுச் சாவி ஒன்று நம்பிக்கையானவரிடம் இருக்கட்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சு திணறினால் 108.

பக்கத்துக் கடையில் சில்லறை கேட்கக் கூசாத நாம், கைத்தாங்கலுக்கு ஆள் கேட்கவும் கூச வேண்டாம்.